நாற்பதாம் நம்பர் ஆயிலும் டெல்லிக் குளிரும்

மதுரையிலிருந்து டெல்லிக்கு நான் தூக்கிக்கொண்டு போன நான்கு பைகளில் இரண்டில் தின்பண்டம், ஒன்றில் துணிமணி, நான்காவதில் இன்ஜின் ஆயில். மூன்றரை லிட்டர் டின். பழைய வேட்டியில் சுற்றி, அப்பளக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ரயிலில் அந்த மாதிரிச் சாமான் ஏற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன். நாக்பூர் தாண்டியதும் எதிர் சீட்டு அம்மாள் ஏதோ நாறுகிறது என்று இந்தியில் முகம் சுளித்தார். எங்கள் ஊர் ஊறுகாய் என்று ஜாடை காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்ல வேண்டும். என் தங்கை செல்வி டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை முருகேசனுக்கு மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பம் எந்த விஷயத்திலும் டெல்லியை நம்பியதில்லை. பல் பிடுங்குவது ஊரில். ஜாக்கெட் தைப்பது ஊரில். மூக்குக்கண்ணாடி மாற்றுவதும் ஊரில். மே மாதம் பிறந்தால் காரிலேயே கிளம்பி நாலு நாள் ஓட்டி மதுரைக்கு வருவார்கள். வந்த மறுநாள் கார் என் கடை வாசலில் நிற்கும்.

நான் முப்பது வருஷமாக ஆயில் கடை வைத்திருக்கிறேன். விற்பதோடு நிற்பதில்லை, மாற்றியும் கொடுப்பேன். மாப்பிள்ளையின் பெட்ரோல் காருக்கு வருஷாவருஷம் என் கையாலேயே நாற்பதாம் நம்பர் ஆயிலை ஊற்றி அனுப்புவேன். நல்ல கெட்டியான சரக்கு. அடுத்த மே வரை அதுதான். குளிர்காலத்தில் காலை நேரத்தில் வண்டி மக்கர் செய்கிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னதுண்டு. டெல்லிக் குளிர் அப்படித்தான், வெயில் வந்த பிறகு எடுங்கள் என்று நான் புத்தி சொன்னதும் உண்டு. அவர் ஆபீஸுக்குக் கிளம்புவது ஒன்பது மணிக்கு மேல் என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

போன மே மாதம் அவர்கள் வரவில்லை. மகள் தாரணி ஒரு மத்திய அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நொய்டாவில் நல்ல ஐ.டி. வேலை, அதை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகப் புத்தகமும் கையுமாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு அதில் சம்மதமே இல்லை. கடைசியில் ஒரு முடிவு கட்டினார்: இந்த ஜனவரித் தேர்வோடு சரி, தேறாவிட்டால் பேசாமல் பழைய கம்பெனிக்குத் திரும்பிவிட வேண்டும். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

இந்தப் படிப்பில் ஊர்ப் பயணம் தள்ளிப்போக, காருக்கு டெல்லியிலேயே யாரோ ஒரு மெக்கானிக் ஆயில் மாற்றிவிட்டான். மாப்பிள்ளை என்னவோ குற்றம் செய்தவர் மாதிரி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்ன ஆயில் என்று கேட்டேன். அவர் சொன்ன நம்பரைக் கேட்டதும், தண்ணியை ஊற்றிவிட்டான் என்றேன்.

ஜனவரி வந்தது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் பார்த்து மாப்பிள்ளையை லக்னோவுக்கு ஆபீஸ் வேலையாக அனுப்பிவிட்டார்கள். தேர்வு மையம் ஹரியானா எல்லையைத் தாண்டி ஒரு காலேஜில். காலையில் கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அதில் மகளைத் தனியாகக் கார் ஓட்டவிடப் பயந்து செல்வி என்னைக் கூப்பிட்டாள். தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? கிளம்பினேன். ஆயிலும் கூடவே கிளம்பியது.

வெள்ளிக்கிழமை காலை வரவேண்டிய ரயில் பனியால் தட்டுத்தடுமாறி மத்தியானம் வந்து சேர்ந்தது. ஆக்ரா பக்கம் ஒரு வயல் நடுவே இரண்டு மணி நேரம் நின்றது. ஏன் நிற்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சகபயணிகளுக்கு அதில் வருத்தமும் இல்லை. வேர்க்கடலையை உரித்துத் தின்று தோலைக் கீழே போட்டுக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து அரசியல் பேசினார்கள். எங்கள் பக்கம் பாண்டியனோ வைகையோ அரை மணி தாமதமானால் பெட்டியே கொந்தளிக்கும். இந்த ஊர்க்காரர்களின் பொறுமையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குத் தாரணி கார் கொண்டுவந்திருந்தாள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. அதை நான் கவனித்தேன் என்று சொல்ல முடியாது. கிளம்புகிற வண்டியை யார் கவனிக்கிறார்கள்? இன்ஜின் சத்தம் மெல்லிசாக இருக்கிறது, ஆயில் சரியில்லை என்றுதான் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுடைய தமிழ் டெல்லித் தமிழ், பாதி வழியில் இந்திக்குள் இறங்கிவிடும்.

"இர்ஃபான் பையா போட்டது மாமா. ஏக்தம் டீக் இருக்கு."

இர்ஃபான் அந்த மெக்கானிக்காம், டீக் என்றால் சரி என்று அர்த்தமாம். ஆயில் டின்னைத் தூக்கி டிக்கியில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பால் வாங்க இறங்கியபோதுதான் டெல்லிக் குளிர் என்னவென்று தெரிந்தது. இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், மாப்பிள்ளையின் கோட்டு. அப்படியும் பல் கிட்டியது. ரஜாய் என்று ஒரு கனத்த மெத்தைப் போர்வை கொடுத்திருந்தார்கள். அதன் பாரத்தில் இரவெல்லாம் நெஞ்சு அமுங்கியது. தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கை மரத்துப் போகிறது. மனிதன் இருக்கிற ஊரா இது என்று திட்டிக்கொண்டே நின்றேன். அப்போது செல்வி சாமான் வாங்கப் போகத் தாரணி காரை எடுத்து வந்து நிறுத்தினாள். பின்னால் பார்த்தேன். சைலன்ஸரிலிருந்து வெள்ளையாகப் புகை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருஷத் தொழிலில், ஓடுகிற வண்டி அப்படிப் புகை விட்டால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்றுதான் எனக்குப் பாடம். தண்ணி ஆயிலை ஊற்றினால் குடிக்காமல் என்ன செய்யும்? அக்கம்பக்கத்துக் கார்களைப் பார்த்தேன். எல்லாக் காரும் புகை விட்டுக்கொண்டிருந்தது. டெல்லியிலுள்ள மொத்த மெக்கானிக்குகளும் திருடர்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் செல்வி தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கினாள். கடைக்காரர் பாலக்காட்டுத் தமிழில் என்னை வரவேற்று, குளிருக்கு இதம் என்று இஞ்சி டீ தந்தார். டீ நன்றாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அப்போது எனக்கு மனசில்லை. அங்கிருந்து நேரே இர்ஃபானின் கடைக்குப் போகச் சொன்னேன். கோட்லாவில் ஒரு சந்துக்குள் இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது அந்த ஆளுக்கு. குல்லாவும் கிழிந்த ஸ்வெட்டருமாக, தகர டப்பாவில் மரத்துண்டை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். இந்த ஆயிலை இறக்கிவிட்டு என் ஆயிலை ஊற்ற வேண்டும் என்று தாரணியை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

இர்ஃபான் என் டின்னைக் கையில் வாங்கி நம்பரைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைத் தாரணி தமிழில் சொன்னாள். ஆயில் டப்பாவில் இரண்டு நம்பர் இருக்க வேண்டும். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது குளிருக்கு, பின்னால் இருப்பது சூட்டுக்கு. முன் நம்பர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குளிரிலும் ஆயில் ஓடும். அவர் ஊற்றியது ஐந்து டபிள்யூ நாற்பது. காலைக் குளிரில் தண்ணீராக ஓடும், சூடானபின் நாற்பதாம் நம்பரின் கனம் இருக்கும். வண்டி பழசு என்பதால்தான் காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் முப்பதுக்குப் பதில் நாற்பது. என் டின்னில் ஒரே நம்பர்தான் இருக்கிறது, அது சூட்டுக்கு மட்டும். பேட்டரியும் மூன்று வருஷம் ஆனது. கெட்டி ஆயிலைச் சுற்றுகிற தெம்பு அதற்கு இல்லை. மார்ச் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த எழுத்தை நான் பார்த்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் கடை அலமாரியிலேயே அந்த டப்பாக்கள் இருக்கின்றன. விலையை ஏற்றுவதற்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். மதுரையில் அந்த முன் நம்பரைப் படிக்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் வரவில்லை.

புகைக்கு என்ன சொல்கிறான் என்று கேள் என்றேன். இர்ஃபான் சிரித்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என் வாயைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அது புகை இல்லையாம் மாமா, ஆவியாம். பாருங்க, உங்க வாயிலேயும் வருதுங்கறார்."

சந்துக்குள் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். என் தங்கச்சி மகள் முன்னால், என் மகன் வயசுள்ள ஒருவன் எனக்கு ஆயில் பாடம் எடுக்கிறான். நீ மாற்றாவிட்டால் போ, எனக்குக் கை இருக்கிறது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன். தாரணி அதை மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் வெயில் வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தேன். நல்ல ஆயிலை வீணாக இறக்க வேண்டாம் என்று செல்வி சொன்னாள். நாளைக்குத் தேர்வு, இன்றைக்கு எதற்கு இந்த வேலை என்று தாரணி சொன்னாள். யார் சொன்னதும் என் காதில் ஏறவில்லை. பழைய ஆயிலை இறக்கி, என் ஆயிலை மூன்று லிட்டர் ஊற்றினேன். மூன்று மணி வெயிலில் வண்டி கிளம்பியது. சத்தம் கும்மென்று அடங்கியிருந்தது. புகையும் இல்லை. பார்த்தாயா என்று தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெயிலில் எந்தக் காரிலும் புகை இல்லை என்பதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தாரணி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நான் ஃபர்ஸ்ட் மெட்ரோ பிடிச்சுப் போறேன். லாஸ்ட் ஸ்டேஷன்ல இறங்கி ரிக்‌ஷா. ஆராம்ஸே, நிதானமா போயிரலாம்."

"வாசல்ல காரை வச்சுக்கிட்டு ரிக்‌ஷாவுல போவியா? நான் எதுக்கு ரெண்டு நாள் ரயில்ல வந்தேன்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். செல்வி என்னைப் பார்த்தாள். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை அவளுக்கு. சரி என்று தாரணி எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. தேர்வு மையத்தின் கேட் எட்டரைக்கு மூடும். ஆறேகாலுக்குக் கிளம்பினால் நிதானமாகப் போகலாம் என்று கணக்கு. குளித்து, விபூதி பூசி, காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஊங் என்று ஒரு முனகல். நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். பாரம் இழுக்கிற மாடு மாதிரி மெதுவாக ஒரு சுற்று, அரைச் சுற்று. மறுபடி. மறுபடி. எட்டாவது முறை முனகலும் இல்லை, டக் என்று ஒரு சத்தம் மட்டும். பேட்டரி செத்துவிட்டது.

நான் பேட்டரியைத் திட்டினேன். பேட்டரி விற்றவனைத் திட்டினேன். இந்த ஊரைத் திட்டினேன். மேல் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் போர்வையோடு இறங்கி வந்து தள்ளினார்கள். செல்வி நைட்டிமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தள்ளினாள். தாரணியும் தள்ளினாள். பனிக்குள் அந்தத் தெரு முனை வரை தள்ளி, திருப்பி மறு முனை வரை தள்ளினோம். வண்டி உலுக்கிக்கொண்டு இரண்டு தடவை இருமியதே தவிர எழவில்லை. மணி ஏழு ஆகிவிட்டது. தாரணி போனில் வாடகைக் கார் கூப்பிட்டாள். ஒருவன் ஒத்துக்கொண்டு ரத்து செய்தான். இன்னொருவன் பனி என்று ரத்து செய்தான். இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன்.

ஆட்டோ பிடித்து ஐ.என்.ஏ. ஸ்டேஷன், அங்கிருந்து மெட்ரோ, நடுவில் ஒரு வண்டி மாற்றம். மெட்ரோ நேரத்துக்கு வந்தது, வெளிச்சமும் சூடுமாக இருந்தது, யாரும் யாரையும் தள்ளவில்லை. முந்தின நாள் அவள் கேட்டது இதைத்தான். கதவோரம் நின்று ஹால் டிக்கெட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். கடைசி ஸ்டேஷனில் இறங்கியபோது எட்டு பத்து. வெளியே பனியில் ஒரே ஒரு பேட்டரி ரிக்‌ஷா நின்றது. முன்னால் போகிற டிராக்டரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போனது. வேகமாகப் போ என்று நான் தமிழில் கத்தினேன். ரோடு தெரியவில்லை என்று ரிக்‌ஷாக்காரர் பனியைக் காட்டி இந்தியில் அமைதியாகச் சொன்னார்.

எட்டு முப்பத்து நாலுக்குக் காலேஜ் வாசலில் இறங்கினோம். கேட் பூட்டியிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் கம்பளி போர்த்திய ஒரு காவலாளி. நாலு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். நான் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். எனக்குத் தெரிந்த தமிழ் வசவு அத்தனையும் அந்த மனிதர்மேல் கொட்டினேன். இரக்கமில்லாதவனே, உனக்கும் பெண் பிள்ளை இருக்காதா என்றேன். பக்கத்தில் ஒரு அப்பாவும் மகனும் இதே மாதிரி பிந்தி வந்து, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். அவர்கள்கூட என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள். காவலாளி கடைசி வரை குரலை உயர்த்தவில்லை. வண்டி கிளம்பவில்லை என்று தாரணி ஒரு தடவை இந்தியில் சொன்னாள். அவர் ஏதோ பதில் சொன்னார்.

என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"பிந்தி வர்ற எல்லாரும் வண்டியைத்தான் சொல்றாங்களாம்."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை.

ரோட்டுக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை. உருளைக்கிழங்கு அடைத்த பரோட்டா, மேலே வெண்ணெய், தயிர், மிளகாய் ஊறுகாய். தாரணி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் வெந்நீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், குடிக்கவில்லை. எனக்குப் பசித்தது. நான் இரண்டு பரோட்டா தின்றேன். ருசியாக இருந்தது. டெல்லியில் நடந்த எதைவிடவும், அந்த இடத்தில் எனக்குப் பசித்ததும் அது ருசித்ததும்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம்.

சாயங்காலம் மாப்பிள்ளை லக்னோவிலிருந்து வந்தார். கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் படித்தவளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரத் தெரியாதா, வண்டி எழவில்லை என்றால் உடனே மெட்ரோவுக்குப் போகிற புத்தி இல்லையா, பொறுப்பில்லாதவள் எழுதி என்ன கிழித்திருப்பாள், நாளைக்கே பழைய கம்பெனிக்கு மெயில் போடு. இப்படியே அரை மணி நேரம். தாரணி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டாள். மாமாதான் மெட்ரோ வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்வியும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் ஓடிய இந்திச் செய்தியைப் புரிந்தவன் மாதிரி பார்த்தேன். பேட்டரி மோசம் மாப்ள என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு கேவலமான ஆள் நான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இர்ஃபான் ஸ்கூட்டரில் வேறு பேட்டரியோடு வந்தார். செல்வி போன் செய்து வரவழைத்திருந்தாள். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். நானும் செல்வியும் இறங்கிப் போனோம். என்னைப் பார்த்து அந்த ஆள் சிரிக்கவில்லை, ஸலாம் வைத்தார். சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் டின்னில் மீதி அரை லிட்டர் இருந்தது. இரவெல்லாம் மாடிப்படியோரம் குளிரில் கிடந்தது. ஸ்கூட்டர் பெட்டியில், அதே குளிரில் வந்த தன் டப்பாவை அவர் எடுத்தார். செல்வியிடம் இரண்டு டம்ளர் கேட்டார். முதலில் அவருடையதைச் சாய்த்தார். சளசளவென்று விழுந்து நிரம்பியது. அப்புறம் என்னுடையதைச் சாய்த்தார். டின்னின் வாயில் கொஞ்ச நேரம் தொங்கி நின்றது, பிறகு கம்பிப் பதத்து வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. பாதி டம்ளர் ஆவதற்குள் செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷத்தில் என் தங்கை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"எத்தனை குளிர்காலம்ணே இதை ஊத்தி அனுப்பிச்ச? நாங்களும் குளிரைத் திட்டிக்கிட்டே கெடந்தோம்."

மூன்று நாளாக யார் யாரையோ திட்டினேன். ரயில்காரன், மெக்கானிக், பேட்டரிக்காரன், வாடகைக் கார்க்காரன், ரிக்‌ஷாக்காரர், காவலாளி. திட்ட வேண்டிய ஒருவன் மாப்பிள்ளையின் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். மாற்றுங்கள் என்று இர்ஃபானிடம் கையைக் காட்டிவிட்டு மேலே போனேன்.

மாப்பிள்ளை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாரணி லேப்டாப்பைத் திறந்து வைத்து, அந்த மெயிலை எழுதிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"மாப்ள, பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க. அது மெட்ரோவுலதான் போறேன்னுச்சு, நான்தான் விடல. நல்லா ஓடுன வண்டியில அந்தாளு வேண்டாம்னு சொல்லியும் என் ஆயிலை ஊத்துனேன். தப்பு பூரா என்னுது."

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இதை நேத்தே ஏன் மச்சான் சொல்லல? அந்தப் பேச்சுப் பேசினேனே அவளை."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, மகளின் தலையைத் தொடப் போய்த் தொடாமல், லேப்டாப்பை மட்டும் மூடி வைத்தார். இன்னும் ஒரு வருஷம் படி என்றார். அவ்வளவுதான், ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். நாலு வாக்கியம் சொல்ல எனக்கு ஒரு இரவு முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஒரு இரவு அந்தப் பெண் பொறுப்பில்லாதவள் என்ற பெயரோடு தூங்கியிருக்கிறாள், தூங்கியிருந்தால். அவள் என்னிடம் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. அவளுக்குப் போனது ஒரு வருஷம். அதைத் திருப்பித் தர யாராலும் ஆகாது.

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ரயில். ஸ்டேஷனுக்குத் தாரணியே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய அதே ஆறேகால் மணி, அதே பனி, அதே குளிர். செல்வி வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். காலி ஆயில் டின்னையும் கையில் கொடுத்தாள், இங்கே எதற்கு என்று. வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

தாரணி சாவியைத் திருப்பினாள். ஒரே தொடல். வண்டி எழுந்துவிட்டது.

அவள் கியரைத் தொடவில்லை. வண்டியை அணைத்தாள். மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடியும் ஒரே தொடல். அணைத்தாள். மூன்றாவது முறை திருப்பியபோது பின்னால் எழுந்த வெள்ளை ஆவி கண்ணாடியில் தெரிந்தது.

"கேட்டுக்கோங்க மாமா" என்றாள்.

மடியில் இருந்த காலி டின்னைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அதன் பிறகுதான் அவள் வண்டியை நகர்த்தினாள்.